கடவுள் பாத்திரங்களை உருவாக்குவதும் ஆடுவதும்: எண்ணிலிருந்து தொடங்குவதா, எல்லையிலிருந்து தொடங்குவதா?

அகல்விளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் நாங்கள் நெடுநாளாக ஆடிவந்த கேம்பெயின், அதாவது தொடர்கதை, முடிவுக்கு வந்திருக்கிறது. நால்வரின் பாத்திரங்களும் உச்சமான 20ஆம் லெவலை எட்டிவிட்டன. கதையின் இறுதியில் அந்த உலகத்தின் பழைய தெய்வங்கள் அழிந்தார்கள்; நிலத்தில் பாதி சிதைந்து கிடக்கிறது; தெய்வங்களின் இருக்கைகள் காலியாக இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தை அதே உலகத்தில், அதே பாத்திரங்களைக் கடவுளராக வைத்து ஆட வேண்டும் என்று நால்வரும் விரும்புகிறார்கள். ஒருவர் கடலையும், ஒருவர் மரணத்தையும், ஒருவர் வாக்குறுதிகளையும் கேட்டிருக்கிறார். நான்காமவர் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எல்லாம் வல்லவர்களிடம் பகடை உருட்டச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது என்பதுதான் ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ற முறையில் என்னை முதலில் வருத்தும் கேள்வி. தோல்விக்கு இடமே இல்லாத பாத்திரத்துக்கு அடுத்த காட்சியில் எதை எதிர்ப்பாகக் கொண்டுவருவது? பாத்திரத்தாளில் எதை எழுதச் சொல்வது? எந்த விதிநூலைத் துணையாகக் கொள்வது? இத்தகைய ஆட்டத்தை நடத்தியவர்களும் ஆடியவர்களும் விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கடற்கோள் எழுதியது:

உங்கள் கேள்வி ஏறத்தாழ இந்த விளையாட்டின் வயதுடையது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. 1976லேயே ராபர்ட் கன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் தொகுத்த தெய்வங்களின் நூல் துணைநூலாக வந்துவிட்டது. பல நாட்டுப் புராணங்களின் தெய்வங்களுக்கும் அடி தாங்கும் அளவான ஹிட் பாயிண்ட் உட்பட எல்லா எண்களும் அதில் இருந்தன; வட ஐரோப்பியப் புராணத்து ஓடினுக்கு 300. தாராளமாக லெவலையும் புதையலையும் அள்ளிக்கொடுக்கும் டிஎம்களுக்கு ஓர் அளவுகோலைக் காட்டுவதே நோக்கம் என்று அதன் முன்னுரை வெளிப்படையாகச் சொல்கிறது. தெய்வங்களின் தலைவனுக்கே இவ்வளவுதான் என்றால் 40ஆம் லெவலைத் தாண்டிய வீரனை எப்படி நம்புவது என்பது அதன் வாதம். ஆனால் ஓர் எதிரிக்கு எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த எண்ணைப் பூஜ்யம் வரை இறக்க முடியுமா என்றே ஆட்டக்காரரின் மனம் போகும். 1980இல் அதே இருவர் எழுதிய பெருநூலில் ஓடினும் கிரேக்கப் புராணத்துச் சீயஸும் 400 ஹிட் பாயிண்டோடு வந்தார்கள். அப்போதும் அந்த நூலைப் பலர் கொல்லத்தக்க பெரிய எதிரிகளின் பட்டியலாகவே வாசித்தார்கள்.

2002இல் மூன்றாம் பதிப்புக்காக வந்த நூல் இன்னும் முறையானது. தெய்வங்களுக்கு அதில் படிநிலை உண்டு: 0 என்றால் அரைத்தெய்வத்துக்கும் கீழே, 1 முதல் 5 வரை அரைத்தெய்வம், 6 முதல் 10 வரை சிறுதெய்வம், 11 முதல் 15 வரை இடைநிலை, 16 முதல் 20 வரை பெருந்தெய்வம். உங்கள் பகடைக் கேள்விக்கு அந்த நூலே ஒருவகையில் விடை சொல்லிவிடுகிறது. பெருந்தெய்வம் எதை உருட்டினாலும், உருட்டாமலேயே, கிடைக்கக்கூடிய மிகப் பெரிய எண் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். அதாவது பகடை மேசையிலிருந்து அகன்றுவிடுகிறது. அகன்ற இடத்தில் வேறு எதையும் அந்த நூல் வைக்கவில்லை. அதனால் ஆட்டக்காரரின் கையில் கொடுப்பதற்கு அது ஏற்றதன்று என்பது என் முடிவு.

ஆனால் ஒரு பகுதியை மட்டும் அதிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெய்வத்துக்குத் தன் ஆளுகைக்குள், அதாவது கடல், மரணம் போலத் தனக்குரிய துறைக்குள், நடப்பது எவ்வளவு தெரியும் என்பதற்கு அங்கே வரையறை இருக்கிறது. 1,000 பேருக்குக் குறையாதவர்களைத் தொடும் நிகழ்ச்சியைத்தான் அரைத்தெய்வம் தானாக உணரும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். சிறுதெய்வத்துக்கு அந்த எல்லை 500 பேர். இடைநிலைத் தெய்வம் ஒரே ஒருவரைத் தொடும் நிகழ்ச்சியையும் உணரும். ஒரு படிக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் கடந்ததையும் அறியும். பெருந்தெய்வத்துக்கு அதே கணக்கில் எதிர்காலமும் தெரியும். இந்த விதியைக் கடல் கேட்கும் உங்கள் ஆட்டக்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். பெரும் போர்க்கப்பல் அணி ஒன்று புயலில் சிக்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். நான்கு பேர் போன ஒரு மீன்பிடிப் படகு திரும்பாவிட்டால் தெரியாது. கரையில் நின்று யாராவது அவரை அழைத்தால், அந்த அழைப்பின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பினால்தான் தெரியும். எந்த அழைப்புக்குச் செவி கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டிய அந்த நொடியில் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அவரை எதிர்க்க நீங்கள் ஒரு பூதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெண்கோடு எழுதியது:

கடற்கோள் சொன்ன வரையறை அருமையானது. ஆனால் அவர் பேசாமல் விட்ட ஒரு கிளை இருக்கிறது. கடவுளை ஆட்டக்காரரே ஆடுவதற்கென்று எழுதப்பட்ட முதல் பெரிய விதித்தொகுப்புகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பிராங்க் மென்ட்சர் 1983 முதல் வரிசையாக வெளியிட்ட ஐந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்பெட்டிகளில் கடைசியானது, 1986இல் வந்த இம்மார்ட்டல்ஸ் (மரணமற்றோர்) தொகுப்பு. அந்த வரிசையில் மனிதப் பாத்திரம் 36ஆம் லெவல் வரை போகலாம். அதற்கு முந்தைய 1985ஆம் ஆண்டுப் பெட்டியிலேயே மரணமின்மையை நோக்கிய நான்கு பாதைகள் விளக்கப்பட்டிருந்தன. ஓர் அரசமரபை நிறுவி, காலத்தைக் கடந்து சென்று அதைக் காக்க வேண்டியது ஒரு பாதை. பிறவி மாறி, வீரன், மந்திரவாதி போன்ற வெவ்வேறு வகுப்புகளில் அடியிலிருந்து ஏறி வர வேண்டியது மற்றொன்று. எந்தப் பாதையானாலும் ஏற்கெனவே மரணமற்ற ஒருவர் புரவலராக முன்வர வேண்டும். வேட்பாளர் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாதை முடிந்ததும் பழைய அனுபவப் புள்ளிகள் 10,000க்கு ஒன்று என்ற கணக்கில் ஆற்றல் புள்ளிகளாக மாறும். அவற்றைச் செலவழித்து அற்புதம் செய்தால் ஓய்வில் திரும்பக் கிடைக்கும்; தன் இயல்பை உயர்த்திக்கொள்ளச் செலவழித்தால் திரும்பாது. பருப்பொருள், ஆற்றல், காலம், சிந்தனை, சிதைவு என்று ஐந்து மண்டலங்கள். அவற்றுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொருவரும் இயங்க வேண்டும். என்னை மிகவும் கவர்ந்தது அதன் உச்சம். மிக உயர்ந்த நிலையை அடைந்தவர் அனைத்தையும் துறந்து மறுபடி சாதாரண மனிதராக முதல் லெவலில் பிறந்து, மறுபடி அதே உயரத்துக்கு ஏறி வந்தால்தான் ஆட்டம் உண்மையில் நிறைவுபெறும் என்று மென்ட்சர் வைத்தார்.

ஆகவே என் கருத்து இதுதான்: கடவுளாக ஆவது ஆடத் தகுந்த கதை, கடவுளாக இருப்பது அவ்வளவு தகுந்ததன்று. உங்கள் நால்வரையும் இருக்கையில் உட்காரவைத்துத் தொடங்காதீர்கள். இருக்கை வரை நடக்கவைத்து, அங்கே கேம்பெயினை முடித்துவிடுங்கள். அதன் பிறகு அவர்களைத் தெய்வங்களாக டிஎம் ஆடட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கற்பனை உலகங்களில் ஒன்றான டிராகன்லான்ஸில் நன்மைத் தெய்வங்களின் தலைவரான பாலடைன், தடுமாறும் முதிய மந்திரவாதி பிஸ்பனாக வீரர்களோடு நடந்து வருவார். தெய்வத்தை மேசையில் காட்ட அதைவிட நல்ல முறையை நான் அறியேன்.

அகல்விளக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி. வெண்கோடு அவர்களே, நீங்கள் சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் கேட்பது இருந்து பார்ப்பதைத்தான். ஏறுவதை அவர்கள் முதல் லெவலிலிருந்து ஏறிப் பார்த்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து அந்தப் பாத்திரங்களை வாங்கி நான் வைத்துக்கொண்டால் அது அவர்கள் கேட்ட ஆட்டமாக இருக்காது. இருப்பதை ஆடுவதற்கு வழி உண்டா?

மணிமிடை எழுதியது:

உண்டு. வெண்கோடு அவர்களின் முடிவை நான் மறுக்கிறேன். கடவுளாக இருப்பது சலிப்பூட்டுவதாகத் தோன்றுவது, ஆற்றலை அளப்பதற்கு மட்டும் விதி எழுதிய நூல்களில்தான். வேறு வகையில் எழுதப்பட்ட இரண்டு ஆட்டங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, கெவின் கிராஃபோர்ட் 2016இல் வெளியிட்ட காட்பவுண்ட். இலவசப் பதிப்பும் கிடைக்கிறது. உங்கள் குழுவுக்குப் பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் பழக்கமென்றால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு பாத்திரமும் மூன்று சொற்களைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குகிறது. கடல், மரணம், நெருப்பு, வாள் போன்றவை அந்தச் சொற்கள். சண்டை விதிகளை நான் இங்கே விளக்கப்போவதில்லை; சாதாரணப் படைவீரர்கள் இவர்கள்முன் நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அந்நூலின் உயிர் இருப்பது உலகத்தை மாற்றும் விதியில். ஒரு கிராமத்தை மாற்ற 1 புள்ளி, நகரத்துக்கு 2, வட்டாரத்துக்கு 4, நாட்டுக்கு 8, உலகப்பகுதி முழுவதற்கும் 16. மாற்றம் இயல்பாக நடக்கக்கூடியது என்றால் அதே விலை; நடப்பது அரிது என்றால் இரண்டு மடங்கு; நடக்கவே முடியாதது என்றால் நான்கு மடங்கு. எதிர்ப்பவர்கள் இருந்தால் விலை மேலும் ஏறும்.

இந்தப் புள்ளிகள் இருவகை. ஒருவகையைக் கொடுத்தால் மாற்றம் நிலைத்துவிடும், புள்ளி போய்விடும். மற்றதைக் கட்டிவைக்கலாம், கட்டிவைத்திருக்கும் வரை மாற்றம் நிற்கும், எடுத்தால் சரிந்துவிடும். கடலின் தெய்வம் ஒரு துறைமுக நகரத்தைப் புயல் தொடாமல் காக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நகரம் என்பதால் 2; நடக்கவே முடியாதது என்பதால் நான்கு மடங்கு; ஆக 8 புள்ளி. அதைக் கட்டிவைத்தால் நகரம் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் தெற்கே வேறொரு தீவு மூழ்கும்போது அவரிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. நகரத்தைக் கைவிட்டுத் தீவைக் காப்பதா என்று மேசையில் அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். பகடை உருட்டித் தப்பிக்க வழியில்லாத முடிவு அது. 20 லெவல் ஏறி வந்த எந்தப் போரிலும் அவர் இப்படித் திணறியிருக்கமாட்டார்.

இரண்டாவது ஆட்டம், 1999இல் முதலில் வெளிவந்த நோபிலிஸ். இதில் பகடையே இல்லை. ஒவ்வொரு பாத்திரமும் உலகத்தின் ஒரு கூறாகவே இருக்கிறது. நான்கு பண்புகள் உண்டு. உங்கள் பண்பின் அளவுக்குள் அடங்கும் செயலைச் செலவில்லாமல் செய்யலாம், அதைத் தாண்டினால் அற்புதப் புள்ளி கரையும். என்னால் மறக்க முடியாத விதி ஒன்று அதில் இருக்கிறது. மனிதர் ஒருவரைத் தன் பிடிமானமாக வைத்துக்கொண்டு அவர்மூலம் தெய்வம் செயல்படலாம். ஆனால் அவர்மேல் அந்தத் தெய்வத்துக்கு அன்போ வெறுப்போ இருந்தாக வேண்டும். யாரையும் பொருட்படுத்தாத தெய்வத்துக்கு உலகில் கையும் இல்லை, காலும் இல்லை. ஆட்டக்காரரை மனிதர்களிடம் இறக்கிவர இதைவிடச் சிறந்த விதியை நான் கண்டதில்லை.

இனி உங்கள் பாத்திரத்தாளுக்கு வருகிறேன். எண்களை ஒரு மூலையில் வைத்துவிட்டு, நால்வரையும் முழு வாக்கியங்களில் சிலவற்றை எழுதச் சொல்லுங்கள். எது நடந்தால் தெய்வம் அதை மறுக்க முடியாது? எந்த வேண்டுதலைக் கேட்காமல் விட முடியாது? எந்த இடத்துக்குள் நுழைய முடியாது? வழிபடுபவர்கள் அவரைப் பற்றித் தவறாக நம்புவது என்ன? இந்தக் கடைசிக் கேள்வி மிகுந்த பயன் தரும். கடல் தெய்வம் சினத்தால் புயல் அனுப்புகிறார் என்று மக்கள் நம்பினால், அவர் அயர்ந்திருந்த ஒரு நாளில் வீசிய புயலுக்குக்கூடப் பரிகாரம் செய்வார்கள். பரிகாரமாக யாரையாவது கடலில் இறக்கவும் துணிவார்கள். அதைத் தடுக்க அவர் என்ன செய்வார், தடுத்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதிலேயே ஓர் அத்தியாயம் ஓடிவிடும்.

ஆளுகையைச் சுருக்குவதும் முக்கியம். கடல் என்பது மிகப் பெரியது. அதைக் கேட்கும் ஆட்டக்காரர் எல்லாக் காட்சியிலும் அலையை எழுப்பித் தீர்வு காண்பார். கரை திரும்புதல், மூழ்கியவற்றைக் காத்தல், உப்பு என்பன போலக் குறுகிய ஆளுகை அமைந்தால் ஒவ்வொரு காட்சியிலும் அவர் யோசித்தாக வேண்டும். வாக்குறுதிகளைக் கேட்டவர் தானாகவே நல்ல அளவில் கேட்டிருக்கிறார். முடிவெடுக்காத நான்காமவரிடம் மற்ற மூவரின் ஆளுகைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டுங்கள். பயணம், பிரிவு, கடன் என்று ஏதாவது ஒன்று அங்கே அவருக்காகக் காத்திருக்கும்.

கடற்கோள் எழுதியது:

மணிமிடை அவர்களின் கடைசிப் பத்திகளோடு முழுவதும் உடன்படுகிறேன். எல்லையிலிருந்து தொடங்குவதுதான் சரி. அந்த எல்லையை மிகக் கடுமையாகவும் மிக அழகாகவும் வரைந்தவர் ஆட்ட வடிவமைப்பாளர் கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பதைச் சொல்லாமல் இந்த இழை முழுமை பெறாது. அவர் படைத்த குளோரந்தா உலகம் 1975இல் ஒரு பலகை ஆட்டமாக வெளிவந்து, 1978இல் ரூன்குவெஸ்ட் விதிகளோடு பாத்திர ஆட்டமானது.

அங்கே புயலின் தெய்வமான ஓர்லாந்த் சூரியப் பேரரசனான யெல்மைக் கொன்றுவிடுகிறான். ஒளி இழந்த உலகத்துக்குள் பெருங்குழப்பம் நுழைந்து தெய்வங்களையே தின்னத் தொடங்குகிறது. தான் செய்ததன் விளைவைக் கண்ட ஓர்லாந்த், துணைவர்களோடு பாதாளம் இறங்கி, கொன்றவனையே மீட்டுவரப் போகிறான். அங்கே தெய்வங்கள் அனைவரும் ஓர் உடன்படிக்கைக்கு வருகிறார்கள். அதிலிருந்து காலம் பிறக்கிறது. காலம் பிறந்த பிறகு தெய்வங்கள் தாம் ஏற்கெனவே செய்த செயல்களுக்குள் கட்டுண்டு நிற்பவர்கள்; புதிதாக ஒன்றைச் செய்ய அவர்களுக்குச் சுதந்திரம் இல்லை. செய்ய முடிந்தவர்கள் மனிதர்கள். சடங்கின் வழியே தெய்வங்களின் காலத்துக்குள் நுழைந்து, பழைய புராணத்தைத் தம் உடலால் நடித்து, அங்கிருந்து ஆற்றலோடு திரும்பி வருகிறார்கள்.

இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவரும் வழி எளியது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு பாத்திரங்கள் இருக்கட்டும்: ஒன்று அவருடைய தெய்வம், மற்றொன்று இன்னோர் ஆட்டக்காரரின் தெய்வத்தை வழிபடும் மனிதர். மரணத்தின் தெய்வத்தை ஆடுபவர், கடல் தெய்வத்தை நம்பும் ஒரு வலைக்காரராகவும் ஆடட்டும். அப்போது வேண்டுதல் டிஎம்மின் வாயிலிருந்து வராது. எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் வாயிலிருந்து வரும். மறுப்பவர் அந்த நண்பரின் முகத்தைப் பார்த்து மறுக்க வேண்டும். தன் வழிபாட்டாளரைத் தானே ஆட யாரையும் அனுமதிக்காதீர்கள். தனக்குத் தானே வரம் கொடுத்துக்கொள்வது ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

உலகத்துக்கு ஒரு காரணமும் தேவைப்படும். ஏன் இந்தத் தெய்வங்கள் நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்னொரு கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில், அதன் நாட்காட்டிப்படி 1358ஆம் ஆண்டில் நடந்த குழப்பத்தை ஒரு சான்றாகக் கொள்ளலாம். தெய்வங்களுக்கெல்லாம் மேலான ஆவோ, காவல் தெய்வமான ஹெல்மைத் தவிர மற்ற அனைவரையும் மனித உடலில் பூமிக்குத் தள்ளினார். அந்தக் குழப்பம் ஓய்ந்தபின் தெய்வத்தின் வலிமை அதன் அடியார்களைப் பொறுத்ததாகும் என்று விதித்தார். ஆவோ போன்ற ஒருவரை மேலே வைப்பதை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் அவர் வழியாக டிஎம்மே அதட்டுவதாகிவிடும். ஓர்லாந்தின் உலகத்தைப் போல, தெய்வங்கள் தாமே செய்துகொண்ட உடன்படிக்கையாக இருப்பது நல்லது. உங்கள் நால்வரும் முதல் அமர்விலேயே அதைச் சொற்களாக எழுதிக் கையெழுத்திடட்டும். உடைத்தால் என்ன நேரும் என்பதையும் அவர்களே எழுதட்டும்.

நெய்தல்நிலம் எழுதியது:

நான் மேசையில் ஆடுபவன் அல்லன். எழுத்திலேயே, ஒருவர் பதிவுக்கு மற்றவர் பதிவிட்டு ஆடும் குழுக்களில் இருப்பவன். எங்கள் பக்கம் பகடையோ டிஎம்மோ பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் கடவுள் பாத்திரம் என்றாலே எல்லோரும் அஞ்சுவார்கள். மற்றவரின் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தானே எழுதிவிடுவதும், தன்மேல் எந்த அடியும் படவில்லை என்று எழுதுவதும் எங்களிடையே காட்மாடிங் என்று கண்டிக்கப்படும். கடவுளாக வருபவர் அதை இயல்பாகவே செய்துவிடுவார். நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு அகல்விளக்கு அவர்களுக்கும் பயன்படலாம்: தெய்வத்தை ஆடுபவர் தன் செயலையும் அதன் நோக்கத்தையும் மட்டும் எழுதுவார், அந்தச் செயல் யாரைத் தொடுகிறதோ அவர்தான் விளைவை எழுதுவார். வாக்குறுதியின் தெய்வம் ஒரு மன்னனின் நாவைக் கட்டலாம். கட்டப்பட்ட நாவோடு அந்த மன்னன் என்ன செய்தான் என்று எழுதும் உரிமை மன்னனை ஆடுபவருடையது.

வெண்கோடு எழுதியது:

மணிமிடை காட்டிய துறைமுகக் கணக்கைப் படித்தபின், இருப்பதும் ஆடத் தகுந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆவதற்கு ஒரு முழு அமர்வாவது ஒதுக்குங்கள் என்ற கோரிக்கையை விடமாட்டேன்.

பாதி சிதைந்த உலகம் என்று சொன்னீர்கள் அல்லவா? அதைத் திரும்பக் கட்ட டான் ஆஃப் வேர்ல்ட்ஸ் என்ற சிறிய இலவச விதிநூல் பொருத்தமாக இருக்கும். எல்லோரும் தெய்வங்களாக ஒரு வெற்று வரைபடத்தைச் சுற்றி அமர்ந்து, முறைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, வந்த புள்ளிகளால் உலகத்தைச் செய்வார்கள். மூன்று யுகங்கள், யுகத்துக்கு யுகம் விலை மாறும். நிலத்தை வடிவமைக்க முதல் யுகத்தில் 3 புள்ளி, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 8. ஓர் இனத்தைப் படைக்க முதல் யுகத்தில் 22; இரண்டாவதில் வெறும் 6; மூன்றாவதில் மறுபடி 15. விலைப்பட்டியலே முதலில் மலை, பிறகு மக்கள், பிறகு அவர்களுடைய நகரங்களும் போர்களும் என்று கதையை நடத்திச் செல்கிறது. உங்களிடம் ஏற்கெனவே நிலம் இருப்பதால் இரண்டாம் யுகத்தின் விலையில் தொடங்கி, சிதைந்த பகுதியை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஒருவர் உண்டாக்கிய மக்களை இன்னொருவர் கெடுக்கும்போது நால்வருக்கும் இடையே பகையும் கடனும் தானாக முளைத்துவிடும். பின்னணிக் கதையை யாரும் தனியே எழுத வேண்டியிருக்காது.

ஏழாம்நிலை எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பேச விரும்புகிறேன். நம் குழுக்களில் இந்தப் பேச்சு வந்தவுடன் யாராவது ஒருவர் முருகனை ஆடலாமா, காளியை ஆடலாமா என்று கேட்பார். கடற்கோள் சொன்ன 1980ஆம் ஆண்டு நூலில் இந்தியத் தெய்வங்களுக்கும் ஒரு பகுதி உண்டு. இந்திரன், காளி, கார்த்திகேயன் எல்லோரும் எண்களோடு இருக்கிறார்கள். 2007இல் தொடங்கிய சயான் ஆட்டத்திலும் தேவர்கள் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் தெய்வங்களின் பிள்ளைகளாகத் தொடங்கித் தெய்வமாகவே வளர்கிறார்கள்.

என் நிலைப்பாடு தெளிவானது. ஓடினைக் கும்பிடுகிறவர் நம் மேசையில் அனேகமாக இருக்கமாட்டார். முருகனைக் கும்பிடுகிறவர் இருப்பார், அல்லது அவருடைய அம்மா அடுத்த அறையில் இருப்பார். ஒரு வீட்டில் அன்றாடம் விளக்கேற்றி வணங்கப்படும் தெய்வத்துக்கு ஹிட் பாயிண்ட் எழுதுவதும், அதன் வாயில் நம் வசனத்தை வைப்பதும், அந்த மேசையில் உள்ள அனைவரும் மனமுவந்து ஒப்பினாலன்றிச் செய்யத் தக்கதன்று. பெயர்களை விட்டுவிடலாம். ஆனால் தெய்வம் எப்படி உண்டாகிறது என்பதில் நம் மரபு அறிந்திருக்கும் முறையை விட வேண்டியதில்லை.

வெண்கோடு அவர்கள் சொன்ன பெட்டியில் மனிதன் தன் முயற்சியால் ஏறிப் போகிறான். நம்மிடம் வேறு வழி ஒன்று இருக்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு உயிரோடிருப்பவர்கள் கல் எடுக்கிறார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியப் புறத்திணையியல் அதை ஆறு துறைகளாக வகுத்திருக்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல், எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. கண்ணகிக்குச் சேரன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததும் இந்த வரிசையில்தான். இதில் தெய்வமாகிறவர் செய்வது ஒன்றுமில்லை. எல்லாம் மற்றவர்கள் செய்வது.

அகல்விளக்கு அவர்களே, உங்கள் முதல் அமர்வை இப்படி அமைத்துப் பாருங்கள். நால்வரின் பாத்திரங்களும் பழைய தெய்வங்களோடு நடந்த கடைசிப் போரிலேயே இறந்துவிட்டன என்று தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு சிறு காட்சிகள். யாருடைய பாத்திரத்துக்குக் கல் எடுக்கிறார்களோ அவர் அந்தக் காட்சிகளில் பேசக்கூடாது. மற்ற மூவரும் ஊர்மக்களாக ஆடுவார்கள். எந்த மலையிலிருந்து கல் வந்தது, எந்த நீரில் ஆட்டினார்கள், எதைப் படைத்தார்கள், என்ன சொல்லி வாழ்த்தினார்கள் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல, அமைதியாக இருப்பவர் தன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மணிமிடை கேட்ட எல்லா எல்லைகளும் அதிலிருந்தே கிடைத்துவிடும். படைத்த பொருளை அவர் மறுக்க முடியாது. வாழ்த்தில் சொன்ன பெயரால் அழைத்தால் அவர் வந்தாக வேண்டும். வாழ்த்தில் புகுந்த பொய்யே மக்கள் அவரைப் பற்றி நம்பும் தவறு. ஆறாவது காட்சி முடிந்த பிறகு அவர் முதன்முறையாகத் தெய்வமாக வாய்திறக்கலாம்.

மணிமிடை எழுதியது:

ஏழாம்நிலை அவர்களின் முறையை நான் அப்படியே எடுத்துக்கொள்ளப்போகிறேன். ஒரே ஒரு சேர்க்கை: வாழ்த்தும் மூவரும் ஆளுக்கொரு வரி மட்டும் சொல்லட்டும். அதிகம் சொன்னால் எல்லைகள் ஒன்றோடொன்று மோதி, தெய்வத்தால் அசையவே முடியாமல் போய்விடும்.

அகல்விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் அமர்வில் கல் எடுக்கும் காட்சிகள். இரண்டாவதில் சிதைந்த நிலத்தை இரண்டாம் யுக விலையில் திரும்பக் கட்டுதல். அதன் முடிவில் நால்வரும் எழுதும் உடன்படிக்கை. அதன்பின் காட்பவுண்டின் புள்ளிக் கணக்கோடு ஆட்டம். அருகிருப்பவரின் தெய்வத்தை வழிபடும் ஒரு மனிதரையும் ஒவ்வொருவரும் ஆடுவார்கள்; அந்த மனிதர்களுக்கு ஐந்தாம் பதிப்பு விதிகளே தொடரும். எங்கள் உலகத்துத் தெய்வங்களுக்கு நாங்கள் வைக்கும் பெயர்களே இருக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. மனிதப் பாத்திரங்கள் ஐந்தாம் பதிப்பில் இருப்பதால், தெய்வத்திடம் ஆற்றல் பெறும் பூசாரியான கிளெரிக் ஒருவர் இறந்தவரை எழுப்பும் மந்திரத்தை ஓதலாம். மரணத்தின் தெய்வம் எங்கள் மேசையிலேயே ஓர் ஆட்டக்காரராக உட்கார்ந்திருக்கிறார். அவர் முடியாது என்று சொன்னால் மந்திரம் பலிக்காதா? பலிக்கும் என்றால் அவருடைய ஆளுகைக்கு என்ன பொருள்?

கடற்கோள் எழுதியது:

மந்திரத்தின் விதியை நிதானமாகப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. இறந்து பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். 500 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். ஓதி முடிக்க ஒரு மணிநேரம் ஆகும். இவற்றைத் தாண்டி, அந்த உயிர் திரும்பி வர விரும்ப வேண்டும், திரும்பி வரக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். கிளெரிக்குக்கு ஆற்றலைக் கொடுத்தபோதே தெய்வம் இசைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மந்திரத்தைத் தடுக்கும் உரிமையை மரணத்தின் தெய்வத்துக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மணிநேரத்தை அவருக்குக் கொடுங்கள். அங்கே ஓதிக்கொண்டிருக்க, இங்கே மரணத்தின் தெய்வமும் இறந்தவரை ஆடுபவரும் தனியாகப் பேசட்டும். தெய்வம் எதையும் காட்டலாம், எதையும் சொல்லலாம். வாக்குறுதியின் தெய்வத்தோடு முன்பே செய்த உடன்பாடு இருந்தால் அதையும் நினைவூட்டலாம். திரும்புவதா இருப்பதா என்று முடிவு செய்பவர் இறந்தவரே. பேச்சை மீறி உயிரைப் பிடித்துவைக்க மரணத்தின் தெய்வம் விரும்பினால் புள்ளியைக் கட்டிவைக்கட்டும். அந்த உயிர் அவருடைய பிடியில் இருக்கும் வரை அந்தப் புள்ளி வேறெதற்கும் கிடைக்காது. எதற்காக அவரிடம் புள்ளி இல்லாமல் போயிற்று என்பதை மற்ற மூன்று தெய்வங்களும் அறிவார்கள்.